அம்பர் ஜாடியை எடுத்தவள்

"ஜாடியை எடுத்தது நான்தாங்க."

பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை இரவல் வாங்கியதைச் சொல்வது போலச் சொன்னாள் சுராயா. சித்ராதேவி திறந்த பேனாவை மூடிவிட்டாள். ஆளை ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் தாவு தீர்ந்துபோவதுதான் அவளுடைய துப்பறியும் தொழிலில் வழக்கம். கேட்பதற்கு முன்பே ஒப்புக்கொண்டவளிடம் அடுத்து என்ன கேட்பது?

"மேடம், கேஸ் முடிஞ்சுது. பிரியாணி ஆறிடும், கிளம்பலாம்," என்று காதருகே முணுமுணுத்தான் பிலோமின்ராஜ். மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்து, ஒரு பெரிய டாக்டரின் வழுக்கையைப் பற்றி வாய்விட்டு, வேலையை இழந்தவன். இப்போது சித்ராதேவிக்கு உதவியாளன். வாய் மட்டும் அப்படியே இருந்தது.

காவல் நிலையத்தின் பின்பக்க வராந்தா. தூணுக்கு அந்தப் பக்கம் சுராயாவின் மகள் ஆபிதா சுவரைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தாள். இன்று சாயங்காலத்துக்குள் ஜாடி வராவிட்டால் வழக்குப் பதிந்துவிடுவேன் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"ஜாடி இப்ப எங்க?"

"பத்திரமா இருக்கு."

"வித்துட்டீங்களா?"

சுராயா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். நாற்பதைத் தாண்டிய முகம். கண்ணைச் சுற்றித் தூக்கமில்லாத கருமை. "எங்க அத்தா பாலக்கரையில அத்தர் கடை வச்சிருந்தவங்க. அடுத்தவங்க சரக்கைக் கையால தொட்டதில்ல. நான் வித்துடுவேனா?"

"அப்ப எதுக்கு எடுத்தீங்க?"

சுராயா தூணின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சொன்னா வெளிய வரலாம், சுராயா. சொல்லலேன்னா ஜெயில். உங்க பொண்ணு அங்க நின்னு அழறா."

"தெரியுதுங்க." முக்காட்டின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டாள். "ஒண்ணு கேக்கட்டுமா? அல்போன்சாக்கா வீட்டுல தனியாவா இருக்காங்க? அவங்களேதான் சமைக்கிறாங்களா?"

சித்ராதேவிக்குத் திக்கென்றது. தன்னைத் திருடி என்று புகார் எழுதிக் கொடுத்தவரைப் பற்றி ஒரு பெண் இப்படியா விசாரிப்பாள்?

"ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான். யாரையாவது கூட இருக்கச் சொல்லுங்க," என்றாள் சுராயா.

* * *

பிலோமின்ராஜின் பழைய மாருதி காவிரிப் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. ஆற்றில் பாதி தண்ணீர், பாதி மணல். சித்ராதேவி இரண்டையும் பார்க்கவில்லை. அந்தக் கேள்வியே மனசுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

"இந்த அம்பர் விஷயமே எனக்குப் பிடிபடல மேடம்," என்றான் அவன். "அம்பர்னா மரப்பிசின் இறுகிக் கல்லானது இல்லையா? அதை மோதிரத்துல வைப்பாங்க. கழுத்துல எப்படித் தடவுறது?"

"வாசனைத் தொழில்ல அம்பர்னா வேற. சாம்பிராணி, வெனிலா, இன்னும் சில பிசின் எல்லாம் கலந்து வர்ற ஒரு சூடான இனிப்பு வாசனை. அதுதான் அடித்தளம். அல்போன்சாம்மா அதுக்கு மேல ஒரு தீவையே ஏத்தி வச்சிருக்காங்க."

நேற்று கைலாசபுரத்தில் அந்த வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அல்போன்சா சொன்ன கதை அது. கணவர் அருள்நாதன் மின்நிலைய வேலைக்காக டிரினிடாட் போனபோது அல்போன்சாவும் கூடப் போயிருந்தார். கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவு. அங்கே கிறிஸ்துமஸ் நெருங்கினால் வீட்டுக்கு வீடு சோரல் காய்ச்சுவார்கள். சிவப்புப் புளிச்சம்பூவைக் கிராம்பு, பட்டை, இஞ்சி, ஆரஞ்சுத் தோல் போட்டுக் கொதிக்கவிட்டு, ஊறவைத்து, கடைசியில் ரம் ஊற்றிக் குடிப்பார்கள். கிடாரும் கையுமாக ஒரு கூட்டம் வீடு வீடாகப் பாடிக்கொண்டு வரும். எண்ணெய்ப் பீப்பாயை வெட்டிச் செய்த மேளத்தைத் தெருமுனையில் ஒருவன் தட்டிக்கொண்டிருப்பான். அப்படி ஒரு கிறிஸ்துமஸ் வாரத்தில்தான் அருள்நாதன் மாரடைப்பில் போனார். அந்த வாரத்தின் வாசனையை ஒரு பாட்டிலில் அடைக்க அல்போன்சாவுக்குப் பல வருஷம் பிடித்தது. அந்த சென்ட்டுக்குப் பெயர் 'சோரல்'. கலவை முதிர்ந்து, ஜாடியில் தயாராக இருந்தது. வருகிற ஞாயிறு கன்டோன்மென்ட் ஓட்டலில் அறிமுக விழா. அதை வாங்கி விற்கும் ஆட்கள் பெங்களூரிலிருந்து வருகிறார்கள். அதற்குள் பூட்டிய அலமாரியிலிருந்து ஜாடி காணாமல் போய்விட்டது. இன்னொரு சாவி, கூட வேலை செய்த சுராயாவிடம்.

"நம்ம ஊர்ப் புளிச்சக்கீரைக் குடும்பம்," என்றான் பிலோமின்ராஜ். "ஒழுங்கா பருப்போட சேர்ந்து கடையல் ஆகியிருக்க வேண்டியது. கப்பலேறிப் போய் ரம்மோட சேர்ந்துடுச்சு. சகவாச தோஷம்."

சித்ராதேவி சிரிக்கவில்லை.

"அந்தம்மா போட்ட காபியை நினைச்சாவது சிரிங்க மேடம். பால் அடிப்பிடிச்சு, கருகின சட்டியை அலசி ஊத்தின மாதிரி. நான் குரோட்டன்ஸ் தொட்டியில சாச்சுட்டேன். இந்நேரம் அது வாடியிருக்கும். அவங்க மட்டும் சொட்டு விடாம குடிச்சாங்க பாருங்க, அதுதான் ஆச்சரியம்."

"கவலையில இருக்காங்க. ருசி எங்க தெரியப்போகுது?" என்றாள் சித்ராதேவி. சொல்லி முடித்த பிறகும் அந்தப் பதில் அவளுக்கே ஒட்டவில்லை.

* * *

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதித் திருப்பத்தில் ஸ்ரீரங்கராஜனின் கடை. பச்சைக் கற்பூரம், புனுகு, சந்தனம், சாம்பிராணி என்று கோயிலுக்கும் வீட்டுக்கும் வேண்டிய வாசனைச் சரக்கெல்லாம் அங்கே கிடைக்கும். அல்போன்சா பிசின் வகைகளை இங்கேதான் வாங்குவார். சோரல் கலவையின் செய்முறையைத் தனக்கு விற்கும்படி ஸ்ரீரங்கராஜன் ஒருமுறை கேட்டதாகவும் அவர் சொல்லியிருந்தார். சித்ராதேவிக்கு அந்தத் துப்பு ஒன்றுதான் கையில் இருந்தது.

"வாங்கோ, உக்காருங்கோ." நெற்றியில் திருமண் பளிச்சிட ஸ்ரீரங்கராஜன் விசிறியை அவர்கள் பக்கம் திருப்பினார். "கேட்டேன், வாஸ்தவம். தர மாட்டேன்னுட்டா. சரி, பெருமாள் சித்தம்னு விட்டுட்டேன். அதுக்காக ஒரு ஸ்த்ரீயைத் திருடச் சொல்ற அளவுக்கு எனக்குப் புத்தி கெட்டுப்போகலை."

"சுராயா உங்க கடைக்கு வருவாங்களா?"

"வருவாளே! தங்கமான பொண்ணு. போன வாரம்கூட வந்தா. தப்பு எங்க பேர்ல. அதுக்கும் கோச்சுக்காம போனா."

"என்ன தப்பு?"

ஸ்ரீரங்கராஜன் சங்கடத்துடன் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். "அல்போன்சாம்மா சாம்பிராணிப் பொடி கேட்டிருந்தா. கடைப் பையன் பொட்டலத்தை மாத்திக் குங்கிலியப் பொடியைக் கொடுத்துட்டான். ரெண்டும் பிசின்தான். பொடி பண்ணிட்டா பார்வைக்கு ஒரே மாதிரி வெளுப்பா இருக்கும். மீதியை இந்தப் பொண்ணு கொண்டுவந்து கொடுத்து, நல்ல சாம்பிராணியா நிறைய வாங்கிண்டு போனா. போறச்சே ஒண்ணு சொன்னா, அதுதான் நேக்குப் புரியலை."

"என்ன சொன்னாங்க?"

"'இது மாறிப்போனதை அக்காகிட்ட எப்பவும் சொல்லிடாதீங்க'ன்னா."

சித்ராதேவி இரண்டு பொடியிலும் ஒவ்வொரு பொட்டலம் வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

காரில் ஏறியதும், "கண்ணை மூடு," என்றாள்.

"ஸ்ரீரங்கத்துல வச்சே மோட்சமா மேடம்?"

"மூடுய்யா."

முதல் பொட்டலத்தைப் பிரித்து அவன் மூக்கருகே நீட்டினாள்.

"சாம்பிராணி. இனிப்பா, கேக் கடை மாதிரி இருக்கு."

அடுத்ததை நீட்டினாள். பிலோமின்ராஜ் முகத்தைச் சுளித்தான். "இது தச்சுப்பட்டறை. வார்னிஷ். இதைப் போய் யாராவது சாம்பிராணின்னு நம்புவாங்களா?"

"கண்ணால பார்த்தா நம்பலாம். மோந்து பார்த்தா நம்ப முடியாது. வாசனையே தொழிலா இருக்கறவங்க பொட்டலத்தைப் பிரிச்ச உடனேயே தூக்கி வெளிய போட்டிருப்பாங்க. அல்போன்சாம்மா பிரிச்சிருக்காங்க, கரைச்சிருக்காங்க, ஜாடியில ஊத்தி மூடியிருக்காங்க. கருகின பாலைக் குடிச்சுட்டு நம்ம எதிர்ல நிம்மதியா உக்காந்திருக்காங்க."

அவன் கண்ணைத் திறந்தான். முகத்தில் இருந்த குறும்பு முழுசாக வடிந்திருந்தது. "மேடம்... அவங்களுக்கு மோப்பமே இல்லையா?"

"இந்த ரெண்டு பொட்டலத்தையும் அவங்க முன்னாடி வச்சுக் கேட்டாத் தெரிஞ்சிடும். வண்டியை எடு."

கார் கிளம்பியதும்தான் சுராயாவின் கேள்வி வேறு முகத்தைக் காட்டியது. அவங்களேதான் சமைக்கிறாங்களா? சித்ராதேவி உடனே அல்போன்சாவின் எண்ணுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

"வேகமாப் போ, பிலோமின்."

"அந்தப் பொட்டலம் எங்கயும் ஓடிடாது மேடம்."

"பொட்டலத்துக்காகச் சொல்லல. வேகமாப் போ."

பிலோமின்ராஜ் ஆக்ஸிலேட்டரை மிதித்தான்.

* * *

கைலாசபுரத்துக் குடியிருப்பில் மரங்கள் அடர்ந்த தெரு. அல்போன்சாவின் மகன் ஜெஸ்வினுக்கு அங்கே தொழிற்சாலையில் வேலை. வேலை விஷயமாக அவன் ஹைதராபாத் போயிருந்ததால் அல்போன்சா மட்டும்தான் வீட்டில். முன்கதவு ஒருக்களித்திருந்தது. படியேறும்போதே சித்ராதேவியின் மூக்கில் அது குப்பென்று அடித்தது. அழைப்பு மணியை நோக்கிப் போன பிலோமின்ராஜின் கையைத் தட்டிவிட்டாள்.

"அழுத்தாதே! கேஸ்!"

"யாரு, சித்ராதேவியா? வாங்க வாங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "பின்னாடி தோட்டத்துல இருந்தேன், போன் உள்ள கிடந்திருக்கு. இதோ காபி போடறேன், உக்காருங்க."

சித்ராதேவி செருப்போடு ஓடினாள். சமையலறையில் நிற்கவே முடியவில்லை, அவ்வளவு நாற்றம். பொங்கி வழிந்த பால் அடுப்பை அணைத்திருந்தது. திறந்த பர்னரிலிருந்து கேஸ் வந்துகொண்டே இருந்தது. அல்போன்சா அமைதியாக இன்னொரு பர்னர் மேல் பாத்திரத்தை வைத்துவிட்டு லைட்டரை எடுத்தார்.

"அம்மா!"

லைட்டரோடு சேர்த்து அந்தக் கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டாள். பாத்திரம் உருண்டு விழுந்தது. பிலோமின்ராஜ் மூச்சை அடக்கிக்கொண்டு சிலிண்டரை மூடி, அடுப்புத் திருகுகளை மூடி, சன்னல்களை எல்லாம் தள்ளித் திறந்தான். சித்ராதேவி அல்போன்சாவை இழுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாள். பின்னாலேயே பிலோமின்ராஜும் வந்தான்.

"என்ன ஆச்சு? ஏன் இப்படி..." அல்போன்சா இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வீடு முழுக்க கேஸ் அம்மா. வாசல் வரைக்கும் வருது," என்றாள் சித்ராதேவி. "உங்களுக்குத் தெரியலையா?"

அல்போன்சா துவைக்கிற கல்லின் மேல் மெதுவாக உட்கார்ந்தார். சேலைத் தலைப்பை மூக்கருகே கொண்டுபோய், ஆழமாக இழுத்துப் பார்த்து, விட்டுவிட்டார். பொட்டலங்களை எடுக்க வேண்டிய அவசியமே சித்ராதேவிக்கு வரவில்லை.

"புரட்டாசியில ஒரு காய்ச்சல் வந்தது," என்றார் அல்போன்சா. "படுத்து எந்திரிச்சப்ப எதுவும் இல்ல. சோப்பு இல்ல, மல்லி இல்ல, மழை பெஞ்சா மண்ணு இல்ல. டாக்டர், மோப்பம் திரும்ப வரலாம், வராமலும் போகலாம்னு சொன்னார். யாருகிட்டயும் சொல்லல. மூக்கு போனவ செஞ்ச சென்ட்டை யார் வாங்குவா? பழைய அளவுப்படி எடை போட்டுக் கலந்துட்டேன். எங்க வீட்டுக்காரர் இறந்த வாரத்து வாசனைங்க அது. திரும்ப ஒருதரம் மோந்து பார்க்க முடியலேன்னாலும், பாட்டில்ல இருக்குன்னாவது இருக்கட்டும்னு நினைச்சேன்."

"பாட்டில்ல அது இல்லம்மா." சித்ராதேவி அவர் எதிரே குந்தினாள். "கடையில சாம்பிராணிக்குப் பதிலா குங்கிலியம் கொடுத்துட்டாங்க. ஜாடி மொத்தமும் கெட்டுப்போயிருக்கும். விழாவுல அதைத் திறந்திருந்தா அங்கேயே எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். சுராயா முன்னாடியே திறந்து பார்த்துட்டாங்க. அதான் எடுத்துட்டாங்க."

"அப்ப... அவளுக்குத் தெரியுமா? என்னைப் பத்தி?"

"தெரியும்."

"போலீஸ்ல வச்சுக் கேட்டப்பகூட அவ சொல்லலையே?"

"சொல்லல. நீங்க தனியா சமைக்கிறீங்களான்னு மட்டும்தான் கேட்டாங்க."

அல்போன்சா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பிலோமின்ராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

* * *

வெயில் இறங்குவதற்குள் காவல் நிலையத்தில் புகார் திரும்பப் பெறப்பட்டது. என் தவறு என்று அல்போன்சா தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் காரணம் கேட்டதற்கு, நின்றுகொண்டே, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். "எனக்கு மோப்ப சக்தி போயிடுச்சுங்க. மறைச்சேன். அதனால வந்த வினை."

சுராயா வெளியே வந்தபோது அல்போன்சா அவள் கையைப் பிடிக்கப் போனார். சுராயா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"தெரிஞ்ச அன்னைக்கே என்னைக் கேட்டிருக்கக் கூடாதா, சுராயா?"

"எப்படிக்கா கேக்கறது? மூடியைத் திறந்ததும் தச்சுப்பட்டறை வாசனை. நீங்க பக்கத்துல நின்னு, 'நல்லா முதிர்ந்திருக்கு இல்ல?'ன்னு சிரிக்கிறீங்க. அந்த மூஞ்சியைப் பார்த்து நான் என்ன சொல்ல? நீங்க அலமாரியைத் திறக்கறதுக்குள்ள புதுசா ஒண்ணு செஞ்சு அதே இடத்துல வச்சுடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள திறந்துட்டீங்க." அவள் குரல் உடைந்தது. "திறந்தீங்க, சரி. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? நேரா போலீஸுக்கு வந்துட்டீங்க. எங்க தெருவுல ஜீப்பு வந்து நின்னுச்சுக்கா. எம்பொண்ணு பார்த்துக்கிட்டு நின்னா."

சித்ராதேவிக்கு அந்த இடத்தில் நிற்கக் கூச்சமாக இருந்தது. திருடியைப் பிடித்துத் தரச் சொல்லி அழைத்தவரிடம், திருட்டே நடக்கவில்லை என்று நிரூபித்தாயிற்று. ஆனாலும் இரண்டு பெண்களின் முகத்தைப் பார்த்தால் எதையோ பறிகொடுத்தவர்கள் மாதிரிதான் இருந்தார்கள்.

"நான் என்ன செய்யட்டும்? சொல்லு," என்றார் அல்போன்சா.

சுராயா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யோசிக்கவே இல்லை. உள்ளே இருந்த நேரமெல்லாம் யோசித்து வைத்திருந்தாள் போல.

"பாட்டில்ல என் பேரும் வரணும். சுராயா திருடின்னு பாலக்கரையே பேசுது. நாளைக்குக் கடைத்தெருவுல நான் நடந்தா, இந்த சென்ட்டை செஞ்சவங்கள்ல ஒருத்தின்னு பேசணும்."

"முதல்ல உன் பேரு. அப்புறம்தான் என் பேரு."

"வேணாம். பக்கத்துப் பக்கத்துல போடுங்க. அது போதும்."

ஆபிதா அம்மாவின் தோளைத் தொட்டு, போகலாம் என்றாள். சுராயா படியிறங்கினாள். கேட் வரை போனவள் அங்கேயே நின்றாள். அல்போன்சாவின் பக்கம் திரும்பாமல், தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"புது ஜாடி பாதிதான் ஆகியிருக்கு. அடித்தளம் சரியா வந்துடுச்சு. கிராம்பு, ஆரஞ்சு, புளிச்சம்பூ எல்லாம் வந்துடுச்சு. ரம் மட்டும் வரல. நான் அதைக் குடிச்சவளும் இல்ல, குடிக்கற இடத்துல நின்னவளும் இல்ல. அது சரியா இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அல்போன்சா கண்ணை மூடிக்கொண்டார். மூடிய இமைக்குள் எதையோ தேடுவது போலிருந்தது.

"வெல்லப்பாகு காய்ச்சறப்ப பதம் தப்பிக் கருகும் பாரு, அதுதான் முதல்ல வரும்," என்றார் அல்போன்சா.

"கருகறதுன்னா எவ்வளவு? அதிரசத்து ஓரம் மாதிரியா, அதுக்கும் மேலயா?"

"அதுக்கும் மேல. கசப்பு தட்டறதுக்கு ஒரு நொடி முன்னாடி. அது அடங்கினதும் நல்லாக் கனிஞ்ச வாழைப்பழம் ஒண்ணு எட்டிப் பார்க்கும். கடைசியில மரப்பீப்பாய், மழையில நனைஞ்ச மாதிரி."

சுராயா இப்போதும் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து, புது ஜாடிக் கலவை கொஞ்சம் ஊற்றிய சின்னக் குப்பியை எடுத்தாள். மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். இன்னொரு முறை, இன்னும் மெதுவாக.

"வாழைப்பழம் இல்லக்கா இதுல," என்றாள். "வாங்க, ஆட்டோவுல ஏறுங்க. போறப்பவே சொல்லுங்க."